கறுப்பின முதியவர்களின் மறதி: சமூக அழுத்தம் மூளையைத் தொடும் வழிகள்

நைஜீரியாவின் இபாடன் நகரிலும் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகரிலும் 1992இல் டிமென்ஷியா எனும் மறதிநோயைப் பற்றிய ஒரே ஆய்வு ஒருசேரத் தொடங்கியது. இபாடனில் யொரூபா இன முதியவர்கள், இண்டியானாபொலிஸில் ஆப்பிரிக்க அமெரிக்க முதியவர்கள். எல்லோரும் 65 வயதை எட்டியவர்கள். எழுத்தறியாதவரையும் சோதிக்கத் தக்க ஒரே வினாத்தொகுப்பு இரண்டு ஊர்களிலும் பயன்பட்டது. நோயை உறுதிசெய்யும் வரையறையும் ஒன்றே. இண்டியானா பல்கலைக்கழகத்தின் ஹியூ ஹெண்ட்ரியும் இபாடன் பல்கலைக்கழக மருத்துவர்களும் சேர்ந்து நடத்திய இந்த ஆய்வின் முக்கிய முடிவு 2001இல் வெளிவந்தது. ஓராண்டில் புதிதாக டிமென்ஷியா கண்டவர்கள் இபாடனில் நூற்றுக்கு 1.35 பேர், இண்டியானாபொலிஸில் 3.24 பேர். அதன் முக்கிய வகையான அல்சைமரை மட்டும் பார்த்தால் இபாடனில் 1.15, இண்டியானாபொலிஸில் 2.52.

அமெரிக்கக் கறுப்பினத்தவரின் முன்னோரில் பெரும்பகுதியினர் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்தும் அதை ஒட்டிய பகுதிகளிலிருந்தும் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டவர்கள். இரு ஊர் முதியவர்களும் தொலைதூர உறவினர்கள் என்றே சொல்லலாம். அப்படியிருக்க, கடலுக்கு அப்பால் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு நோய் இரு மடங்குக்கு மேல் வருவானேன்? ஒப்பீட்டில் குறைகள் உண்டு. முதியவரிடம் குடும்பம் என்ன எதிர்பார்க்கிறது என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். தினசரிக் கணக்கையும் பணத்தையும் பார்க்க வேண்டிய பொறுப்பு இல்லாதவரிடம் மறதி தாமதமாகவே தெரியவரும். யார் முதுமைவரை உயிர்வாழ்ந்தார்கள் என்பதும் இரண்டு இடங்களில் ஒன்றல்ல. ஆனாலும் இந்தக் குறைகளை வைத்து மட்டும் இவ்வளவு பெரிய இடைவெளியை மூடிவிட முடியாது. யொரூபா முதியவர்களிடம் ரத்தக் கொதிப்பும் நீரிழிவும் கொழுப்பும் குறைவாக இருந்ததை ஆய்வாளர்களே சுட்டிக்காட்டினார்கள். அமெரிக்காவில் அவை ஏன் கூடுதலாக இருந்தன என்பதுதான் அடுத்த கேள்வி. கடந்த முப்பது ஆண்டு ஆராய்ச்சி அந்தக் கேள்வியைச் சுற்றியே நடந்திருக்கிறது.

அமெரிக்காவுக்குள் உள்ள இடைவெளி நன்றாக அளக்கப்பட்ட ஒன்று. கறுப்பின முதியவர்களுக்கு அல்சைமரோ வேறு டிமென்ஷியாவோ இருக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிட ஏறத்தாழ இரு மடங்கு, ஹிஸ்பானிய முதியவர்களுக்கு ஒன்றரை மடங்கு என்று அமெரிக்க அல்சைமர் சங்கம் சொல்கிறது. வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனென்டே என்ற மருத்துவ அமைப்பின் உறுப்பினர்கள் 2,74,283 பேரின் 14 ஆண்டுப் பதிவுகளை எலிசபெத் ரோஸ் மயீதாவும் ரேச்சல் விட்மரும் உடன் ஆய்வாளர்களும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் கறுப்பினத்தவரில் 26.6 பேருக்கும், அமெரிக்கப் பழங்குடியினரில் 22.2 பேருக்கும், வெள்ளையரில் 19.3 பேருக்கும், ஆசிய வம்சாவளியினரில் 15.2 பேருக்கும் நோய் புதிதாகப் பதிவானது. எல்லோரும் ஒரே அமைப்பில் மருத்துவக் காப்பீடு பெற்றவர்கள் என்பது இங்கே கவனிக்க வேண்டியது.

மருத்துவம் கிடைக்காததுதான் முழுக் காரணம் என்று சொல்பவர்களுக்கு இன்னொரு பதில் 2022இல் வந்தது. முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவ அமைப்பில் 55 வயதுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 19 லட்சம் பேரின் பதிவுகள் ஆராயப்பட்டன. ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு வெள்ளையரில் 11.5, கறுப்பினத்தவரில் 19.4, ஹிஸ்பானியரில் 20.7. ஒரே படையில் பணியாற்றி, ஒரே மருத்துவமனை வரிசையில் நின்றவர்களிடையே இந்த வித்தியாசம். மருத்துவமனைக் கதவு திறந்திருந்தால் மட்டும் போதவில்லை. அந்தக் கதவை எட்டுவதற்கு முன் கழிந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் ஏதோ நடந்திருக்கிறது.

மரபணுவை முதலில் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பலரும் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அல்சைமர் அபாயத்தைக் கூட்டும் மரபணு வடிவங்களில் மிகவும் அறியப்பட்டது ஏபிஓஇ-4. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதன் பாதிப்பு ஐரோப்பிய வம்சாவளியினரிடம் உள்ளதைவிடக் குறைவு. நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டனில் கொலம்பியா பல்கலைக்கழகம் நடத்திய ஆய்வு 1998இல் வெளிவந்தபோது பலரை அது திடுக்கிட வைத்தது. ஏபிஓஇ-4 இல்லாதவர்களை மட்டும் ஒப்பிட்டபோதுகூட, 90 வயதுக்குள் அல்சைமர் வரும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு நான்கு மடங்கும் ஹிஸ்பானியருக்கு இரண்டு மடங்கும் இருந்தது. ஏபிசிஏ7 போன்ற வேறு சில மரபணு வடிவங்கள் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் கூடுதல் பங்கு வகிப்பதாகத் தெரிகிறது. அந்த ஆராய்ச்சி நடக்கட்டும், அது தேவை. ஆனால் இன்னொரு புள்ளிவிவரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 2000இல் டிமென்ஷியா உள்ளவர்கள் வெள்ளையரில் 9.3 சதவீதம், கறுப்பினத்தவரில் 17.2 சதவீதம். 2016இல் அவை 6.6 ஆகவும் 9.9 ஆகவும் குறைந்தன என்று 2022இல் வந்த ராண்ட் நிறுவன ஆய்வாளர்களின் கணிப்பு காட்டுகிறது. பதினாறே ஆண்டுகளில் இடைவெளி பாதிக்கும் கீழே சுருங்கியிருக்கிறது. ஒரு மக்களின் மரபணுத் தொகுப்பு பதினாறு ஆண்டில் மாறுவதில்லை. அந்தக் காலத்தில் முதுமையை எட்டியவர்களின் படிப்பு மாறியிருந்தது.

படிப்பு என்பதை எத்தனை ஆண்டு பள்ளிக்குப் போனார் என்று எண்ணி முடித்துவிடும் பழக்கத்தை உடைத்தவர் கொலம்பியா பல்கலைக்கழக நரம்பு உளவியலாளர் ஜெனிஃபர் மேன்லி. இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கும் தென் மாநிலக் கறுப்பின முதியவர்கள் படித்தது வெள்ளையருக்கு வேறு, கறுப்பினத்தவருக்கு வேறு எனச் சட்டமே பிரித்து வைத்த பள்ளிகளில். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிக்குச் செலவிடப்பட்ட பணம் குறைவு, ஆசிரியருக்குச் சம்பளம் குறைவு. பருத்திக்காட்டு வேலைக்காகப் பள்ளி நடக்கும் மாதங்களும் குறைக்கப்பட்டன. எட்டு ஆண்டுப் படிப்பு என்று தாளில் எழுதினால் இரண்டு பிள்ளைகளுக்கும் ஒன்றுபோலத் தோன்றும், உண்மையில் ஒன்றல்ல. மேன்லியின் குழு ஆண்டுக் கணக்கை விட்டுவிட்டு, முதியவர்களின் வாசிப்புத் திறனை அளந்து அதைக் கணக்கில் சேர்த்தது. நினைவுச் சோதனைகளில் கறுப்பினத்தவருக்கும் வெள்ளையருக்கும் இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி அப்போது மறைந்துபோனது. 2002இல் வெளிவந்த அந்தக் கட்டுரை இந்தத் துறையின் திருப்புமுனை என்பேன். சோதனையில் மதிப்பெண் குறைவதற்கு நோய் மட்டுமே காரணமல்ல என்பதை அது காட்டியது. கூடவே, நல்ல பள்ளி மறுக்கப்பட்ட மூளைக்கு முதுமையில் நோயைத் தாங்கும் கையிருப்பு குறைவு என்ற கருத்துக்கும் வலு சேர்த்தது.

பிறந்த இடமும் தடம் விடுகிறது. பக்கவாதச் சாவுகள் மிகுந்த அலபாமா, மிசிசிப்பி, லூசியானா, தென் கரோலினா போன்ற மாநிலங்களில் பிறந்து, பின்னர் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, நடுவயதிலிருந்து அங்கேயே வாழ்ந்தவர்களைப் பாவோலா கில்சான்ஸும் விட்மரும் ஆராய்ந்தார்கள். 2017இல் வந்த முடிவு: அந்த மாநிலங்களில் பிறந்த கறுப்பினத்தவருக்கு டிமென்ஷியா அபாயம் மிக அதிகம். தெற்கைவிட்டு எத்தனையோ ஆண்டுகளுக்கு முன்பே வெளியேறியும் தெற்கு அவர்களை விடவில்லை.

இனி அழுத்தத்துக்கு வருவோம். கல்வி, வறுமை, வசிப்பிடம், மருத்துவம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் ஏதோ ஒன்று மிஞ்சிக்கொண்டே இருந்ததுதான் ஆய்வாளர்களை இங்கே கொண்டுவந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஆர்லின் ஜெரோனிமஸ் இதை முதலில் கண்டது முதுமையில் அல்ல, பிரசவத்தில். வெள்ளையினப் பெண்களுக்கு இருபதுகளில் பிள்ளை பெறுவது பதின்வயதில் பெறுவதைவிடப் பாதுகாப்பானது. கறுப்பினப் பெண்களிடம் இது தலைகீழாக இருந்தது: வயது கூடக்கூடக் குழந்தை இறக்கும் வாய்ப்பும் கூடியது. இருபதுகளிலேயே அவர்களின் உடல் தேயத் தொடங்கிவிடுகிறது என்று 1992இல் அவர் வாதிட்டார். மழையிலும் வெயிலிலும் பாறை அரிபடுவதுபோல, இடைவிடாத சமூக நெருக்கடியில் உடல் அரிபடுகிறது என்பது அவர் கருத்து. தொடக்கத்தில் அதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது.

அதே காலத்தில் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் மெக்யூவன் வேறு பாதையில் அதே இடத்துக்கு வந்துகொண்டிருந்தார். அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோன்களை ஏற்கும் இடங்கள், நினைவுக்கு அடிப்படையான ஹிப்போகாம்பஸ் பகுதியில் இருப்பதை எலிகளிடம் 1968இலேயே கண்டவர் அவர். ஆபத்து வந்தால் இதயம் வேகமாகத் துடிக்கிறது, கார்டிசால் சுரக்கிறது, ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. ஆபத்து நீங்கியதும் எல்லாம் அடங்குகிறது. அடங்கினால் அது உயிரைக் காக்கும் ஏற்பாடு. அடங்கவே விடாமல் ஆபத்து தொடர்ந்தால், காக்க வந்த ஏற்பாடே உடலைச் சிதைக்கிறது. இப்படிச் சேரும் சிதைவை மெக்யூவனும் எலியட் ஸ்டெல்லரும் 1993இல் அலோஸ்டேட்டிக் சுமை என்று பெயரிட்டு விளக்கினார்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, அழற்சிக் குறியீடுகள் போன்றவற்றைச் சேர்த்து அதை எண்ணாக்கவும் வழி பிறந்தது.

ஜெரோனிமஸ் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, அமெரிக்க அரசின் தேசிய உடல்நல அளவெடுப்பில் 18 முதல் 64 வயதுவரை உள்ளவர்களை ஒப்பிட்டார். 2006இல் வந்த முடிவு எனக்கு இன்றும் கனமாக இருக்கிறது. எந்த வயதிலும் கறுப்பினத்தவரின் சுமை அதிகம். மிக அதிகம் ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு. அடுத்த இடம் ஏழை வெள்ளையருக்கு அல்ல, வறுமையில் இல்லாத கறுப்பினப் பெண்களுக்கு. பணம் வந்தும் உடல் இறக்கி வைக்க முடியாத ஒன்று இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அந்த ஒன்றை எப்படி அளப்பது? ஹார்வர்டின் டேவிட் வில்லியம்ஸ் 1990களின் நடுவில் டெட்ராய்ட் நகரில் உருவாக்கிய அன்றாடப் பாகுபாட்டு அளவுகோலில் பெரிய கொடுமைகள் இல்லை. மற்றவர்களைவிட உங்களிடம் மரியாதை குறைவாக நடந்துகொள்கிறார்களா? உணவகத்திலும் கடையிலும் உங்களைச் சரியாகக் கவனிப்பதில்லையா? உங்களுக்கு அறிவில்லை என்பதுபோலப் பேசுகிறார்களா? உங்களைக் கண்டு பயப்படுகிறார்களா? நேர்மையற்றவர் என்று நினைக்கிறார்களா? இவை எத்தனை நாளைக்கு ஒருமுறை நடக்கின்றன? இதில் ஒவ்வொன்றும் வெளியே சொன்னால் சிறியது. சொல்லிக் காட்டினால் எதற்கெடுத்தாலும் குறை காண்பவர் என்ற பெயர்தான் மிஞ்சும். ஆனால் இன்று என்ன நடக்குமோ என்று ஒவ்வொரு முறை வீட்டுப்படி இறங்கும்போதும் உடல் தன்னைத் தயார்ப்படுத்திக்கொள்கிறது. அவமானம் நடக்காத நாளிலும் அந்தத் தயார்நிலை நடக்கிறது. மெக்யூவன் சொன்ன அடங்காத ஆபத்து இதுதான்.

இங்கிருந்து மூளைக்குப் போகும் வழிகளில் நன்றாகத் தெரிந்தது ரத்தக் குழாய் வழி. அமெரிக்கக் கறுப்பினப் பெரியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தக் கொதிப்பு. அதுவும் இளமையிலேயே தொடங்குகிறது. மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 5,000க்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரை 2000ஆம் ஆண்டிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் இதய ஆய்வில், வாழ்நாளில் பாகுபாட்டை அதிகம் சந்தித்ததாகச் சொன்னவர்களுக்குப் பின்னாளில் ரத்தக் கொதிப்பு அதிகம் வந்தது. ஓயாத ரத்த அழுத்தம் மூளையின் நுண்குழாய்களைக் கெடுக்கிறது. எம்.ஆர்.ஐ. படத்தில் அது மூளையின் வெண்பொருளில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியும். வடக்கு மன்ஹாட்டன் குடும்பங்களிடம் எடுக்கப்பட்ட படங்களில், கறுப்பினத்தவருக்கு இந்தத் திட்டுகள் நடுவயதிலேயே கூடுதலாக இருந்தன. அழற்சி இரண்டாவது வழி. மனம் ஒடுங்குவதும் தூக்கம் கெடுவதும் மூன்றாவது. 1995இல் தொடங்கிய கறுப்பினப் பெண்கள் உடல்நல ஆய்வில் 17,000க்கும் மேற்பட்ட பெண்கள் தங்கள் நினைவாற்றல் பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். தினசரி இனப் பாகுபாட்டை மிக அதிகமாகச் சந்தித்தவர்கள் நினைவு மங்குவதாகச் சொல்லும் வாய்ப்பு, மிகக் குறைவாகச் சந்தித்தவர்களைவிட இரண்டரை மடங்குக்கும் மேல். அதில் ஒரு பகுதி மனச்சோர்வின் வழியாகவும் தூக்கமின்மையின் வழியாகவும் வந்தது.

இந்த ஆய்வில் பாகுபாடும் நினைவும் இரண்டும் அவரவர் வாய்மொழிதான் என்று யாரும் கேட்கலாம். கேட்கவும் வேண்டும். அதனால்தான் 2024இல் ரொனால்ட் சைமன்ஸ், மிஷெல் மீல்க்கி முதலியோர் வெளியிட்ட ஆய்வுக்கு இவ்வளவு மதிப்பு. அயோவா, ஜார்ஜியா மாநிலங்களின் கறுப்பினக் குடும்பங்களைப் பல ஆண்டுகளாகப் பின்தொடர்ந்த ஓர் ஆய்விலிருந்து 255 நடுவயதினரின் ரத்தம் 2008இலும் 2019இலும் சோதிக்கப்பட்டது. அல்சைமரோடு தொடர்புடைய டௌ புரதத்தின் ஒரு வடிவமும், நரம்பணுக்கள் சிதைவதைக் காட்டும் இன்னொரு புரதமும் அளக்கப்பட்டன. 2008இல் பாகுபாட்டுக்கும் இந்தப் புரதங்களுக்கும் தொடர்பே இல்லை. பதினோரு ஆண்டு கழித்து, நடுவயதில் அதிகப் பாகுபாட்டைச் சந்தித்தவர்களின் ரத்தத்தில் இரண்டும் அதிகம் ஏறியிருந்தன. யாருடைய நினைவும் மனநிலையும் குறுக்கிடாத ரத்தப் பரிசோதனை இது. எண்ணிக்கை சிறியதுதான். புரதம் ஏறுவதும் நோய் வருவதும் ஒன்றல்ல. ஆனாலும் முந்தையதும் பிந்தையதும் வரிசையாக நின்ற இப்படிப்பட்ட சான்று இந்தத் துறையில் அரிது.

2017இல் லண்டனில் நடந்த அல்சைமர் மாநாட்டில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேகன் ஸூல்ஸ்டார்ஃப் முன்வைத்த முடிவு உலகெங்கும் செய்தியானது. வேலையிழப்பு, பிள்ளையின் மரணம், மணமுறிவு, குடிகாரப் பெற்றோரிடம் வளர்வது போன்ற வாழ்க்கை அடிகளைக் கறுப்பினத்தவர் வெள்ளையரைவிட 60 சதவீதம் அதிகமாகச் சந்தித்திருந்தார்கள். ஒவ்வோர் அடியும் அவர்களிடம் மூளைக்கு நான்கு வயது கூடியதற்குச் சமமாக இருந்தது. வெள்ளையரிடம் அது ஒன்றரை வயது. பத்திரிகைகள் நான்கு ஆண்டு என்பதைத் தலைப்பாக்கின. அந்த ஆய்வில் இருந்த ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 82 பேர் மட்டுமே என்பதைப் பலரும் எழுதவில்லை. முடிவின் திசை மற்ற ஆய்வுகளோடு பொருந்துகிறது. அந்த நான்கு என்ற எண்ணை மட்டும் நான் எங்கும் மேற்கோள் காட்ட மாட்டேன்.

சிக்கலான சான்றுகளும் உண்டு. சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தில் லிசா பார்ன்ஸ் 2004இல் தொடங்கிய ஆய்வில், பாகுபாட்டை அதிகம் உணர்ந்த கறுப்பின முதியவர்களின் நினைவும் சிந்தனை வேகமும் குறைவாக இருந்தன. வேறு சில ஆய்வுகளில் தொடர்பு தெரியவில்லை. எதிர்த்திசையில் தெரிந்ததும் உண்டு. அமெரிக்காவில் படித்த கறுப்பினத்தவரே பாகுபாட்டை அதிகம் சொல்கிறார்கள். வெள்ளையர் பெரும்பான்மையாக இருக்கும் அலுவலகங்களிலும் குடியிருப்புகளிலும் அவர்களே நாள் முழுதும் இருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். தனக்கு மறுக்கப்பட்டதை மறுப்பு என்று அடையாளம் காணவும் வாய்விட்டுச் சொல்லவும் படிப்பு துணிவு தருகிறது என்பது இன்னொன்று. அதே படிப்பு மூளைக்கும் காவலாக இருப்பதால் கணக்கு குழம்புகிறது. மௌனமாக விழுங்கியவரை வினாத்தாள் பாதிக்கப்படாதவர் என்று பதிவுசெய்கிறது. அறுபதுக்கு முன்பே மாரடைப்பிலோ பக்கவாதத்திலோ போனவர்கள் எந்த டிமென்ஷியா ஆய்விலும் இல்லை. மிகவும் அரிபட்டவர்கள் அவர்களாகவே இருக்கலாம்.

ஹிஸ்பானியரின் எண்கள் இன்னொரு புதிர். கைசர் ஆய்வில் அவர்களும் வெள்ளையரும் ஏறக்குறைய ஒன்று. படைவீரர் ஆய்வில் எல்லோரையும்விட அதிகம். மெக்சிகோவிலிருந்து வந்தவர், புவெர்ட்டோ ரிக்கோவில் பிறந்தவர், கியூபாவிலிருந்து வந்தவர் எல்லோரையும் ஒரே பெட்டியில் போட்டால் இப்படித்தான் ஆகும். ஆசிய வம்சாவளியினரின் குறைந்த எண்ணையும் இப்படியே படிக்க வேண்டும். 1965இன் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவிலிருந்து போனவர்களில், தமிழர்கள் உட்பட, மருத்துவர்களும் பொறியாளர்களும் ஏராளம். படிப்பாலும் உடல்நலத்தாலும் வாசலிலேயே சலித்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களின் நல்ல எண்ணை இனத்தின் பெருமையாகக் காட்டி, கறுப்பினத்தவரை அதோடு ஒப்பிட்டுப் பேசுவது நம்மவரிடையேயும் உண்டு. அது அநியாயம்.

மன உறுதியால் இதையெல்லாம் வெல்ல முடியாதா என்ற கேள்விக்குத் தொற்றுநோயியலாளர் ஷெர்மன் ஜேம்ஸ் தன் வாழ்நாள் ஆராய்ச்சியைக் கொடுத்தார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் நாட்டுப்புறக் கதைகளில் ஜான் ஹென்றி என்ற தொழிலாளி வருகிறான். ரயில் பாதைக்காகப் பாறையில் துளையிடும் அவன், நீராவி இயந்திரத்தோடு போட்டியிட்டு வெல்கிறான். வென்ற கையோடு சம்மட்டியைப் பிடித்தபடியே இறந்துபோகிறான். எந்தத் தடையையும் கடும் உழைப்பால் உடைத்துவிடலாம் என்று நம்பி உயிரைக் கொடுத்து உழைக்கும் மனப்போக்குக்கு ஜேம்ஸ் இந்தப் பெயரையே சூட்டினார். 1980களில் வட கரோலினாவின் கிராமப்புறக் கறுப்பினத்தவரிடம் அதை அளந்தார். கல்வியும் வசதியும் உள்ளவர்களை அந்த மனப்போக்கு பெரிதாகப் பாதிக்கவில்லை. வசதியில்லாமல் அப்படி உழைத்தவர்களிடம் ரத்தக் கொதிப்பு அதிகமாக இருந்தது. தளராதே, இன்னும் கொஞ்சம் முயற்சி செய் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லும் அறிவுரை, கையில் எதுவும் இல்லாதவரின் ரத்தக் குழாய்களில் இப்படிப் பதிவாகிறது. சமூக அழுத்தத்துக்கு மருந்தாகத் தியான வகுப்பையும் மூச்சுப் பயிற்சியையும் பரிந்துரைத்துக் கைகழுவுகிறவர்கள் ஜேம்ஸைப் படிக்க வேண்டும். தனி மனிதர் கூடுதலாக இன்னொன்றைச் செய்ய வேண்டும் என்பதே அங்கேயும் கட்டளை.

நோய் வந்த பிறகும் அழுத்தம் நிற்பதில்லை. அல்சைமர் சங்கம் 2021இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவ உதவி தேடும்போது பாகுபாட்டைச் சந்தித்ததாகக் கறுப்பின அமெரிக்கர்களில் பாதிப்பேர் சொன்னார்கள். நோய் அவர்களுக்குத் தாமதமாகவே கண்டறியப்படுகிறது. மருந்துச் சோதனைகளில் அவர்கள் மிகக் குறைவு. இதை அவர்களின் தயக்கம் என்று எழுதுவது எளிது. அலபாமாவின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை, மேகப்புண் நோய் கண்ட கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் வந்த பிறகும் சிகிச்சை தராமல் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசு மருத்துவத் துறையே வேடிக்கை பார்த்தது. அந்த நாடு தன் ஆய்வுகளுக்கு நம்பிக்கையை மறுபடி சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

தடுக்கக்கூடிய காரணிகளைப் பட்டியலிடும் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024இல் பதினான்கைச் சொன்னது. அவற்றைச் சரிசெய்தால் உலகில் 45 சதவீத டிமென்ஷியாவைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அதன் கணக்கு. குறைந்த கல்வி, ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, மனச்சோர்வு, தனிமை, காற்று மாசு எல்லாம் அதில் உண்டு. இனப் பாகுபாடு இல்லை. பதினான்கில் பாதிக்கும் மேல் அதன் கைப்பட்டவை என்பது என் வாசிப்பு. சமூக அழுத்தத்தைப் பதினைந்தாவது காரணியாகச் சேர்ப்பதால் பெரிய பயன் இல்லை. மற்றவை ஏன் ஒரே மக்கள்மேல் குவிகின்றன என்பதற்கான பதிலாக அதைப் படிக்க வேண்டும்.

அப்படிப் படித்தால் செய்யக்கூடியவை தெரிகின்றன. ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 140க்குப் பதிலாக 120க்குக் கீழே கொண்டுவரும் தீவிர சிகிச்சையை ஏறத்தாழ 30 சதவீதம் கறுப்பினத்தவர் உட்பட 9,361 பேரிடம் சோதித்த ஸ்பிரிண்ட் ஆய்வில், லேசான நினைவுக் குறைபாடு 19 சதவீதம் குறைந்தது என 2019இல் தெரிந்தது. ஆனால் மருத்துவமனையை நம்பாதவரிடம் இதை எப்படிக் கொண்டுசேர்ப்பது? லாஸ் ஏஞ்சல்ஸில் ரொனால்ட் விக்டர் கறுப்பின ஆண்களின் முடிதிருத்தகங்களுக்குப் போனார். 52 கடைகள், 319 வாடிக்கையாளர்கள். சில கடைகளில் மருந்தாளுநரே வந்து அளந்து மருந்து கொடுத்தார். அங்கே ஆறு மாதத்தில் மேல் எண் 27 புள்ளி இறங்கியது. அறிவுரை மட்டும் கிடைத்த கடைகளில் 9 புள்ளி. இளமையிலிருந்து தெரிந்த மனிதர், தன்னைச் சந்தேகத்தோடு பார்க்காத இடம். அங்கே அந்த ஆண்களின் உடல் தயார்நிலையில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதைவிடப் பெரிய சோதனை ஒன்று ஏற்கெனவே நடந்துவிட்டது. 1964இன் குடிமை உரிமைகள் சட்டமும் 1966இல் நடைமுறைக்கு வந்த, முதியோருக்கான மெடிகேர் காப்பீடும் சேர்ந்து, கறுப்பினத்தவரை ஒதுக்கும் மருத்துவமனைக்கு அரசுப் பணம் கிடையாது என்றன. சில மாதங்களில் ஆயிரக்கணக்கான மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. மிசிசிப்பியின் கிராமப்புறங்களில் கறுப்பினக் குழந்தைகளின் சாவு அடுத்த சில ஆண்டுகளில் சரிந்தது என்று பொருளாதார அறிஞர்கள் டக்ளஸ் ஆல்மண்ட், கென்னத் சே, மைக்கேல் கிரீன்ஸ்டோன் காட்டியிருக்கிறார்கள். பள்ளிகளில் பிரிவினை உண்மையில் உடைந்ததும் பெரும்பாலும் அந்த ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

அப்போது பிறந்தவர்கள் 2030 முதல் 65 வயதை எட்டுவார்கள். சட்டம் பிரித்து வைத்த பள்ளியையும் மருத்துவமனையையும் சிறுவயதில் காணாத முதல் தலைமுறை அது. ஆனால் அன்றாட அவமதிப்பையும் காவல்துறை நிறுத்தத்தையும் வீட்டுக்கடன் மறுப்பையும் கண்டு வளர்ந்த தலைமுறையும் அதுவே. அவர்களிடம் இடைவெளி எவ்வளவு சுருங்கும், எவ்வளவு மிஞ்சும் என்பது, பள்ளியின் பங்கு எது, அவமதிப்பின் பங்கு எது என்பதை இதுவரை எந்த ஆய்வும் பிரித்துக் காட்டாத அளவுக்குப் பிரித்துக் காட்டும். அவர்களை நடுவயதிலிருந்தே பின்தொடர்ந்து, ரத்தத்தையும் மூளைப் படங்களையும் சேகரித்து வந்தால்தான் அது முடியும். 2025இல் அமெரிக்கத் தேசிய உடல்நல நிறுவனங்கள் இனங்களுக்கிடையிலான நோய் இடைவெளிகளைப் பற்றிய பல ஆராய்ச்சிகளுக்கான நிதியைப் பாதியில் நிறுத்தின. தொடர் ஆய்வில் விட்டுப்போன ஓராண்டின் ரத்தத்தைப் பின்னால் போய் எடுக்க முடியாது.